இறக்கத்தைப் பார்த்து நிற்கும் டீசல் கார்

ஊட்டியில் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் பலர் இரவில் வண்டியை நிறுத்தும்போது ஒரு விஷயத்தைக் கவனிப்பார்கள். வண்டியின் முகம் இறக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். காலையில் செல்ஃப் அடித்தும் எடுக்கவில்லை என்றால், ஹேண்ட் பிரேக்கை விட்டு வண்டியை உருளவிட்டு, செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டால் போதும், உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். என் மாமாவும் வருடக்கணக்காக அப்படித்தான் நிறுத்தி வந்தார். போன ஜனவரியில், புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு காலையில், இறக்கத்தில் உருட்டியும் அவருடைய கார் எடுக்கவில்லை. சைலன்சரில் இருந்து வெள்ளைப் புகை மட்டும் வந்துகொண்டே இருந்தது. பேட்டரி போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்றார் மாமா. செல்ஃப் நன்றாகத்தான் சுற்றியது. அந்தப் புகையைப் பார்த்ததும் எனக்கு ஹீட்டர் பிளக் மேல்தான் சந்தேகம் வந்தது.

குளோ பிளக் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் சாமானை நம் ஊர் மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரே பொருத்தமானது என்பது என் எண்ணம், ஏனென்றால் அதன் வேலை சூடாக்குவதுதான். பெட்ரோல் வண்டியின் ஸ்பார்க் பிளக் போல ஒவ்வொரு சுற்றிலும் தீப்பொறி விடுவது இதன் வேலை இல்லை. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறியே வேண்டாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடும் இல்லையா, அந்தச் சூடுதான் இங்கே தீக்குச்சி. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதை இறுக்கிச் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் அடிப்படை இதுதான்.

சரி, குளிர் எங்கே குறுக்கே வருகிறது? பழைய டீசல் கார்களில் காற்று 22-இல் ஒரு பங்காக இறுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். துளி வெப்பம்கூட வீணாகாது என்றால், ஏட்டுக் கணக்குப்படி காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 3.4 மடங்காகும். இதைக் கெல்வின் அளவில், அதாவது செல்சியஸோடு 273-ஐக் கூட்டி, கணக்கிட வேண்டும். சென்னையில் 30 டிகிரியில் இருக்கும் காற்று 303 கெல்வின். அது 770 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஊட்டியின் விடியற்காலை 3 டிகிரிக் காற்று 276 கெல்வின். அது 675 டிகிரி வரைதான் போகும். வெளியே 27 டிகிரி குறைந்தது, உள்ளே 90 டிகிரிக்கும் மேல் குறைந்துவிட்டது.

உண்மையான இன்ஜினில் நிலைமை இன்னும் மோசம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்பு, காற்றின் சூட்டை உடனே உறிஞ்சிவிடுகிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் காற்று கசிகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சிலிண்டருக்குள் வரும் காற்றே கடற்கரை ஊர்களைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. குறைந்த காற்று, குறைந்த சூட்டைத்தான் சுமக்கும், சுவர் பட்டதும் சீக்கிரம் ஆறும். ஆய்வுக்கூடத்தில் ஆற அமரப் பற்றுவதற்கு டீசலுக்கு 250 டிகிரி போதும். இன்ஜினில் சில மில்லிநொடிகளுக்குள் பற்றியாக வேண்டும் என்பதால் அதைவிட வெகு அதிகம் தேவை.

இறக்கத்தில் உருட்டினால் வண்டி எடுப்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. சக்கரம் இன்ஜினைச் சுற்றும் வேகம் செல்ஃப் மோட்டாரின் வேகத்தைவிட அதிகம். பிஸ்டன் விரைவாக மேலே வருவதால் காற்று கசியவும் ஆறவும் நேரம் கிடைப்பதில்லை. மாமாவுக்கு இந்தக் கணக்கைச் சொன்னதும், இத்தனை வருடம் வண்டி தன் கோளாறை அவருக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார்.

லாரியில் பெரும்பாலும் ஹீட்டர் பிளக் இருப்பதில்லையே என்று கேட்கலாம். ஒரு பெரிய லாரி இன்ஜினின் ஒரு சிலிண்டர் சுமார் ஒரு லிட்டர், 1.4 லிட்டர் காரில் அது 350 சி.சி. பாத்திரம் சின்னதாக ஆக, உள்ளே இருக்கும் காற்றின் அளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு பெரிதாகிறது. டம்ளரில் ஊற்றிய காபி அண்டாவில் இருப்பதைவிடச் சீக்கிரம் ஆறுவது இதனால்தான். அதோடு, டீசல் அம்பாசடர், 1998-இல் வந்த இண்டிகா போன்ற பழைய கார்களில் டீசல் நேராக பிஸ்டன் மேல் பீய்ச்சப்படுவதில்லை. சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி அறையில் பீய்ச்சப்பட்டு, அங்கே பற்றி, ஒரு குறுகிய வாய் வழியாகக் கீழே பாய்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ப்ராஸ்பர் லோரான்ஜ் 1909-இல் காப்புரிமை பெற்ற யோசனையின் வழிவந்த அமைப்பு இது. இன்ஜின் ஓட்டம் மென்மையாக இருக்கும், சத்தம் குறையும். ஆனால் காற்று அந்தக் குறுகிய வாயில் நுழைந்து உள்ளே போவதற்குள் சூட்டில் நிறைய இழந்துவிடும். அதனால் இந்த வகை இன்ஜின் ஹீட்டர் பிளக் இல்லாமல் சமவெளியின் மார்கழிக் காலையில்கூடத் திணறும்.

பிளக்கின் நுனி அந்தக் குட்டி அறைக்குள் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று முழுவதையும் சூடாக்க அதனால் ஆகாது, அது தேவையும் இல்லை. டீசல் தூறலின் ஓரம் தொட்டுக்கொண்டு போகும் இடத்தில் 900 டிகிரிக்கு மேல் பழுத்த ஒரு புள்ளி இருந்தால் போதும். அங்கே பற்றினால் மற்றது தொடரும்.

இந்தப் பென்சில் போன்ற குச்சியின் உள்ளே இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெளியே வெப்பம் தாங்கும் நிக்கல் கலப்பு உலோகக் குழாய். உள்ளே இறுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடு தூள். மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பத்தைக் கடத்தும். அந்தத் தூளுக்குள் இரண்டு சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. நுனியில் இருப்பது சூடாக்கும் சுருள். அதன் பின்னால் இருப்பது நிக்கல் போன்ற உலோகத்தாலான கட்டுப்பாட்டுச் சுருள். சூடு ஏற ஏற இந்த இரண்டாவது சுருளின் மின்தடை பலமடங்கு உயரும். சாவியைத் திருப்பிய கணத்தில் இரண்டும் குளிர்ந்திருப்பதால் தடை குறைவு. ஒரு பிளக்குக்கு 20 ஆம்பியர் வரைகூட பாயும். நான்கு பிளக்குக்கும் சேர்த்தால் அந்த நொடியில் ஓர் அயர்ன் பாக்ஸ் அளவுக்கு மின்சாரம் பேட்டரியில் இருந்து போகிறது. சில நொடிகளில் நுனி பழுத்துவிடும். அதற்குள் பின்சுருளும் சூடாகி, ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். சென்சார் இல்லை, சுவிட்ச் இல்லை. வேகமாகச் சூடாக்கி, எரிந்துபோகாமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் புத்தி அந்தக் கம்பியின் குணத்திலேயே இருக்கிறது.

இதற்கு முன் இருந்த பிளக்குகளில் வெறும் கம்பிச் சுருள்தான். எல்லாம் ஒரே சரமாக இணைந்திருக்கும். ஒன்று அறுந்தால் அத்தனையும் செத்தது. சூடாக ஒரு நிமிடம் வரை ஆகும். ஜெர்மனியில் அந்தக் காத்திருப்பை ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம் என்று அழைத்தார்கள்.

டாஷ்போர்டில் சுருள் கம்பி வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணையும். அது அணைந்தால் பிளக் சூடாகிவிட்டது என்றே பலர் நம்புகிறார்கள். பழைய வண்டிகளில் அந்த விளக்கு ஒரு கடிகாரம் மட்டுமே. இத்தனை நொடி ஆகிவிட்டது என்று அது சொல்கிறது. நான்கு பிளக்கும் எரிந்துபோயிருந்தாலும் அதே நேரத்துக்கு அணையும். மாமாவின் காரிலும் அது ஒழுங்காகவே அணைந்தது.

அறிகுறிகளை இன்ஜினிடம்தான் கேட்க வேண்டும். ஒரு பிளக் போனால் காலையில் எடுத்ததும் அரை நிமிடம் மிஸ்ஸிங் அடிக்கும், வண்டி குலுங்கும், பிறகு சரியாகிவிடும். இரண்டு மூன்று போனால் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டும், வெள்ளைப் புகை வரும். அந்தப் புகை, எரியாத டீசலின் நுண்துளிகள். மதியம் சூடான இன்ஜினை அணைத்து எடுத்தால் ஒரு தொல்லையும் இருக்காது. அதற்காக ஈதர் ஸ்ப்ரேயை ஏர் ஃபில்டர் வாயில் அடித்து எடுக்கும் பழக்கத்துக்கு மட்டும் போகவே வேண்டாம். நான்கில் ஒரு பிளக் பழுத்திருந்தாலும் ஈதர் நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டனே உடையலாம்.

சோதனை சுலபம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பிளக்குகளை இணைக்கும் உலோகப் பட்டையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பார்க்க வேண்டும். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அதன் சொந்தத் தடையைக் குறித்துக்கொண்டு கழித்துவிட வேண்டும். நல்ல பிளக் ஒரு ஓம் பக்கம் காட்டும். சுருள் அறுந்திருந்தால் மீட்டர் அசையாது. மாமாவின் காரில் இரண்டு அறுந்திருந்தன. எந்தப் பிளக்கும் அறுந்திருக்காவிட்டால் பிளக்குகளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயையும் பெரிய ஃபியூஸையும் பார்க்க வேண்டும். இரண்டுதான் போயிருக்கிறது என்றாலும் நான்கையும் மாற்றிவிடுவதே நல்லது. ஒரே வயது, ஒரே உழைப்பு. மற்ற இரண்டும் அதிக நாள் தாங்காது.

கழற்றுவதில்தான் ஆபத்து இருக்கிறது. வருடக்கணக்கில் கரி இறுகி, மரை துருவேறி, பிளக் ஹெட்டோடு ஒட்டிப்போயிருக்கும். வேகமாகத் திருகினால் கழுத்து முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரேயை மரையில் அடித்து ஊறவிட்டோம். மறுநாள் வண்டியை எப்படியோ உருட்டி எடுத்து, நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினோம். ஹெட் அலுமினியம் என்றால் சூட்டில் அது இரும்பைவிட அதிகம் விரியும், பிடி தளரும். 10 மி.மீ. மரை கொண்ட பிளக் சுமார் 35 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரைதான் தாங்கும். 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 18 கிலோ எடை தொங்கும் அளவு அது. அதைத் தாண்டாமல் கொஞ்சம் தளர்த்து, மறுபடி கொஞ்சம் இறுக்கு, மறுபடி தளர்த்து. அசையவில்லையா, விட்டுவிட்டு இன்னொரு தடவை ஸ்ப்ரே அடித்து ஊறவிட வேண்டும். மூன்றாவது பிளக்குக்கு மட்டும் எங்களுக்கு அரை நாள் ஆனது.

அந்த அரை நாளுக்குப் பலன் இருந்தது. கழற்றிய பிளக்கின் நுனி நிறைய பேசும். நுனி உப்பிப் புடைத்திருந்தால் மின்னழுத்தம் அதிகமாகியிருக்கலாம், அல்லது ரிலே ஒட்டிக்கொண்டு விடாமல் மின்சாரம் கொடுத்திருக்கலாம். உருகியோ அரித்தோ போயிருந்தால் குற்றம் டீசலைப் பீய்ச்சும் பக்கத்து இன்ஜெக்டருடையது. அது தூறலாகத் தெளிக்காமல் டீசலை ஒழுகவிட்டிருக்கும். மற்ற மூன்றும் சாதாரணமாகத் தேய்ந்திருக்க, எங்கள் மூன்றாவது பிளக்கின் நுனி உருகிக் கூர் மழுங்கியிருந்தது. அதைப் பார்க்காமல் புதிய பிளக்கை மாட்டியிருந்தால் அதுவும் சீக்கிரமே போயிருக்கும். இன்ஜெக்டரைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்தோம். சோதித்துப் பார்த்துவிட்டு அதன் தெளிப்பு முனையான நாசிலை மாற்றிக் கொடுத்தார்கள்.

மாட்டுவதற்கு முன் ஓட்டையில் இருக்கும் கரியை, ரீமர் என்ற ஓட்டை சுரண்டும் கருவியில் கிரீஸ் தடவி, கையால் மெதுவாகச் சுரண்டினோம். கரித்துகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். புதிய பிளக்கில் பொறித்திருக்கும் வோல்ட் அளவை வாங்கும்போதே பார்க்க வேண்டும். புதிய தலைமுறைக் கார்களுக்கான 5 வோல்ட், 7 வோல்ட் பிளக்குகளும் கடையில் கிடைக்கின்றன. 12 வோல்ட் நேராகப் பாயும் பழைய காரில் அவை நொடிகளில் எரிந்துவிடும். பிறகு கையால் திருகி உட்காரவைத்து, 15 நியூட்டன் மீட்டர் முறுக்கோடு நிறுத்திக்கொண்டோம். மின்சாரம் திரும்பிப் போவது பிளக்கின் உடம்பு ஹெட்டைத் தொடும் இடம் வழியாகத்தான் என்பதால் அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலை 4 டிகிரி. மாமா காரைச் சமதரையில் நிறுத்தியிருந்தார். விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினார், இரண்டு சுற்றில் எடுத்துக்கொண்டது. உருகிய அந்த மூன்றாவது பிளக்கை ஒரு துணியில் சுற்றி டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறார், அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் காட்டி அந்த நாசிலை மறுபடி சோதிக்கச் சொல்வதற்கு.