முதல் மெஷின் பாலிஷ்: கீறல் எங்கே போகிறது?

வெயிலில் நிற்கும் கருப்புக் காரின் போனெட்டைப் பாருங்கள். சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். இதைத்தான் ஸ்விர்ல் என்கிறோம். ஆனால் அந்தக் கோடுகள் வட்டமானவை இல்லை. கழுவும்போதும் துடைக்கும்போதும் துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிய தூசி எல்லாத் திசையிலும் போட்ட, பெரும்பாலும் நேரான நுண்கீறல்கள் அவை. ஒரு கீறல் தன் நீளத்துக்குக் குறுக்காகத்தான் ஒளியைச் சிதறடிக்கும், அதனால் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி எந்தக் கீறல்கள் சரியான கோணத்தில் கிடக்கின்றனவோ அவை மட்டும் கண்ணுக்கு மின்னும், மற்றவை இருட்டில் இருந்துவிடும். சந்தேகமாக இருந்தால் இரவில் ஒரு டார்ச்சை அடித்து நகர்த்திப் பாருங்கள், வட்டங்களும் கூடவே நகரும். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. கீழே இருக்கும் நிறமே நிறைய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அவை எடுத்துத் தெரிவதில்லை.

முதல் தடவை பாலிஷ் மெஷினைக் கையில் எடுக்கப் போகிறவர், அதை வாங்குவதற்கு முன்பே புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டம் வரை இறக்குகிறது, அவ்வளவுதான். 1704இல் வெளியான தன் ஒளியியல் நூலில் நியூட்டனே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்: கண்ணாடியை மெருகேற்றும் தூள் எவ்வளவு நுண்மையானதாக இருந்தாலும் அது செய்வது சுரண்டல்தான், கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாகும்போது நாம் அதை மெருகு என்கிறோம் என்று. கார் பாலிஷின் பின்னால் இருக்கும் அடிப்படையும் இதுவே. பெரிய கீறலைச் சிறிய கீறலாலும், அதை இன்னும் சிறிய கீறலாலும் மாற்றிக்கொண்டே போகிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மிச்சமிருக்கும் கரடுமுரடு அதைவிட நன்றாகச் சிறிதாகிவிட்டால் ஒளி சிதறாமல் கண்ணாடியில் படுவதுபோல நேராகத் திரும்பும்.

அப்படி இறக்குவதற்கு நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? இப்போதைய கார்களில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கு இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் மொத்தப் பூச்சும் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் வரைதான், அதில் கிளியர் கோட் 35 முதல் 50 வரை. அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஸ்விர்ல் கீறல்கள் இந்தக் கிளியர் கோட்டின் மேல்பகுதியில்தான் இருக்கின்றன, மிதமான பாலிஷ் ஒன்று எடுப்பதும் ஓரிரு மைக்ரான்தான். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நிறத்தைக் காப்பாற்றும் வேதிப்பொருள் இதே கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது, எடுத்த மைக்ரானைத் திருப்பி வைக்க வழியும் கிடையாது. அதனால் என் கணக்கில் முதல் பாலிஷைத் திட்டமிடுவது என்றால், எவ்வளவு பளபளப்பாக்கலாம் என்று யோசிப்பது இல்லை, எவ்வளவு குறைவாக எடுத்து வேலையை முடிக்கலாம் என்று யோசிப்பது.

பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி கிடைத்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். இரும்புத் தகட்டில் காந்தத் தூண்டலாலும் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தாலும் அளக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் இந்த வகைக் கருவி வேலை செய்யாது. அது காட்டுவது மொத்தத் தடிமனைத்தான், கிளியர் கோட்டைத் தனியாக இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் ஒற்றை எண்ணைவிட, ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதிகம் சொல்லும். எல்லா இடமும் 120 என்று வந்து ஒரு இடம் மட்டும் 80 என்றால் அங்கே யாரோ ஏற்கெனவே நிறைய தேய்த்திருக்கலாம், 250 என்றால் மறுபடி பெயின்ட் அடித்திருப்பார்கள். பழைய கார்கள் சிலவற்றில் கிளியர் கோட்டே இருக்காது. பேடில், அதாவது மெஷினில் மாட்டித் தேய்க்கும் மெத்தையில், காரின் நிறம் ஒட்டினால் பெரும்பாலும் அந்த வகை, அல்லது கிளியர் கோட் ஏற்கெனவே தேய்ந்து போயிருக்கிறது. எதுவாக இருந்தாலும் அங்கே நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

மெஷின் விஷயத்தில் முதல் தடவைக்கு டூயல் ஆக்ஷன்தான் என்று தயங்காமல் சொல்வேன். ரோட்டரியில் பேடு ஒரே அச்சில் சுழல்வதால் வெட்டும் வேகம், அதாவது பூச்சைத் தேய்த்து எடுக்கும் வேகம், அதிகம், சூடும் அதிகம், கை பழகாதவர்கள் பயன்படுத்தினால் வெயிலில் மட்டும் தெரியும் பட்டை பட்டையான தடங்கள் விழும். டூயல் ஆக்ஷனில் பேடு சுழன்றுகொண்டே ஊசலாடவும் செய்கிறது. உராய்வுத் துகள்கள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடாமல் கலைந்து ஓடுவதால் அவை விடும் கீறல்களும் ஒழுங்கில்லாமல் நுண்மையாக இருக்கும். இதன் சாதாரண வகையில் அதிகமாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும், அது ஒரு பாதுகாப்பு. பேடு மாட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், கோடு சுற்றுவது தெரிந்தால் வெட்டு நடக்கிறது, தெரியாவிட்டால் அழுத்தம் அதிகம் அல்லது மெஷின் சாய்ந்திருக்கிறது.

பேடும் அதில் இட்டுத் தேய்க்கும் பாலிஷ் கலவையும் சேர்ந்துதான் வெட்டைத் தீர்மானிக்கின்றன. கலவையில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள். சில கலவைகளில் தேய்க்கத் தேய்க்கத் துகள் உடைந்து நுண்மையாகும், அவற்றை முழுசாக ஓட்டி முடிக்க வேண்டும். மற்றவற்றில் அளவு மாறாது. கம்பளியும் மைக்ரோஃபைபரும் அதிகம் வெட்டும், ஃபோம் குறைவாக வெட்டும், மென்மையான ஃபோம் கடைசி மெருகுக்கு. பேடின் நிறத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம்.

மெஷினைத் தொடுவதற்கு முன் கார் உண்மையிலேயே சுத்தமாக இருக்க வேண்டும். கழுவியபின் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் அடித்தால், பிரேக்கிலிருந்து பறந்து வந்து பெயின்டில் குத்திக்கொண்டிருக்கும் துகள்கள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். அப்புறம் நிறைய வழவழப்புத் திரவத்தோடு கிளே பாரை (களிமண் போன்ற கட்டியை) தேய்த்தால் மிச்சம் ஒட்டியிருப்பவை வரும். கிளே தானே கொஞ்சம் கீறும், அதனால்தான் அது பாலிஷுக்கு முன். ரப்பர், கருப்பு பிளாஸ்டிக், கூர்மையான விளிம்புகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடுவதால் அங்கே பூச்சு மெல்லியது, போதாததற்கு அங்கே மெஷினின் முழு அழுத்தமும் ஒரு கோட்டின் மேல் விழும். புதிதாகக் கற்பவர்கள் கிளியர் கோட்டைத் துளைப்பது பெரும்பாலும் விளிம்பில்தான்.

இனி முக்கியமான வேலை, சோதனைத் திட்டு. போனெட்டில் சுமார் 50 சென்டிமீட்டர் சதுரத்தை டேப்பால் பிரித்து, இருப்பதிலேயே மென்மையான பேடும் மென்மையான கலவையும் எடுத்துத் தொடங்குங்கள். பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு, முதலில் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, வினாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகரும்படி ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதி மேல் விழும்படி, மேலும் கீழும் ஒரு முறை, இடமும் வலமும் ஒரு முறை என்று நான்கு முதல் ஆறு முறை ஓட்டினால் போதும். மெஷினின் எடையும் கையின் லேசான அழுத்தமும்தான். துடைத்தவுடன் பளபளவென்று தெரிவதை நம்பிவிடக் கூடாது, கலவையில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அந்த எண்ணெயை எடுத்துவிட்டு, டார்ச்சை அடித்துப் பாருங்கள். கீறல் நிறைய மிச்சமிருந்தால் முதலில் பேடை ஒரு படி கடினமாக்கி மறுபடி, அதுவும் போதவில்லை என்றால் கலவையை. கிளியர் கோட்டின் கடினத்தன்மை காருக்குக் கார் மாறும். ஒரு காரில் மூன்று ஓட்டத்தில் போகும் கீறல் இன்னொன்றில் அசையவே அசையாது, அதனால் வேறொருவர் சொன்ன பேடு, வேறொருவர் சொன்ன கலவை எல்லாம் தொடக்கப் புள்ளி மட்டும்தான். மென்மையான பெயின்டில் கடினமான பேடு மங்கலான படலம் விடும்; பதற வேண்டாம், மெருகுப் பேடால் அது போய்விடும். சரி, எந்தச் சேர்க்கை போதுமோ அதையே கார் முழுக்கப் பயன்படுத்தலாம்.

நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கீறலைத் தொடாதீர்கள். அதன் அடிமட்டம் வரை பரப்பை இறக்கினால் கிளியர் கோட்டில் போதுமான அளவு மிஞ்சாமல் போகலாம். சுற்றியுள்ள நுண்கீறல்கள் போனதும் அது தனியாகக் கொஞ்சம் எடுத்துத் தெரியலாம், தெரியட்டும். ஸ்விர்லில் எண்பது சதவீதம் போனால் முதல் தடவைக்கு அது நல்ல பாலிஷ் என்பேன். மிச்ச இருபதைத் துரத்தத்தான் மைக்ரான் அதிகம் செலவாகிறது.

வேலை நடக்கும்போது அடிக்கடி தகட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் கிளியர் கோட் இளகத் தொடங்கும். இரும்பு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பம்பர் அதே இடத்தில் தேக்கிவைக்கும், அங்கே வேகத்தையும் நேரத்தையும் குறையுங்கள். நேர் வெயிலில் இந்த வேலையே வேண்டாம். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள், உரிந்த கிளியர் கோட்டும் காய்ந்த கலவையும் பேடில் அடைந்தால் அதுவே புதுக் கீறல் போடும். முழுக் காரையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஒரு நாள் போனெட்டும் கூரையும், இன்னொரு நாள் பக்கங்கள் என்று பிரித்தால் களைத்த கை விளிம்பில் சறுக்காது.

முடிந்ததும் மறுபடி ஆல்கஹாலால் துடைத்து மெழுகோ சீலன்டோ பாதுகாப்புப் பூச்சாகப் போட்டுவிடலாம். அடுத்த கழுவலிலிருந்து இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர், முதலில் நீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிய பிறகே பெயின்டைத் தொடுங்கள். காய்ந்த துணியால் தூசி தட்டும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், ஸ்விர்ல் திரும்ப வர அது ஒன்றே போதும்.