உங்கள் யூனிட்டின் வாக்கு எங்கே விழுகிறது?

மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் பணம் போடுகிறவர்களிடம், "நிறுவனங்களின் பங்குதாரர் பொதுக்கூட்டத்தில் உங்கள் சார்பாக யார் வாக்களித்தார்கள்?" என்று கேட்டால், அப்படியொரு வாக்கு இருப்பதையே பலர் அப்போதுதான் அறிகிறார்கள். யூனிட் உங்களுடையதாக இருந்தாலும், அந்தப் பணத்தில் வாங்கிய பங்குக்குரிய வாக்கைப் பதிவுசெய்வது ஃபண்டை நடத்தும் நிறுவனமே. முதலீடு செய்த நிறுவனங்களைக் கண்காணிப்பதையும், அவற்றின் நிர்வாகத்துடன் பேசுவதையும் ஃபண்டுகளின் பொறுப்பாக்கிய ஸ்டூவர்ட்ஷிப் நெறிமுறையை 2019 டிசம்பரில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்டது; 2022 ஏப்ரல் முதல் எல்லாத் தீர்மானங்களிலும் ஃபண்டுகள் வாக்களித்தே ஆக வேண்டும்.

பருவநிலை மாற்றத்தைப் பொறுத்தவரை, வாக்கு கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. ஒரு சிமெண்ட் நிறுவனத்துடன் முதலீட்டாளர் தரப்பில் நாங்கள் பேசியபோது, ஆலைக் கூரைகளில் அமைத்த சூரியத் தகடுகளின் படங்களையே முதலில் காட்டினார்கள். ஆனால் சிமெண்டில் வெளிப்படும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேற்பட்டது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கராக்கும் வேதிவினையிலிருந்தே வருகிறது. மின்சாரத்தை மாற்றினாலும் அது குறையாது. எனவே, கிளிங்கருக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலையும் உருக்காலைக் கசடையும் எவ்வளவு சேர்க்கிறீர்கள், அதற்கு மூலதனம் எந்த ஆண்டு ஒதுக்கப்படும் என்று கேட்டோம். இலக்கு ஆண்டைச் சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை. பணம் ஒதுக்கும் ஆண்டைக் கேட்டால்தான் அறை அமைதியாகிறது.

பேச்சு பலிக்காதபோது வாக்கு என்ன செய்யும் என்பதற்கு 2021 மே மாதத்தில் நடந்த, அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபிலின் பொதுக்கூட்டம் சான்று. ஏறத்தாழ 0.02 சதவீதப் பங்கு மட்டுமே வைத்திருந்த, பருவநிலைக்கேற்ற மாற்றத்தை வலியுறுத்திய 'எஞ்சின் நம்பர் 1' என்ற சிறு முதலீட்டு நிறுவனம் நிறுத்திய வேட்பாளர்களில் மூவர் இயக்குநர் குழுவில் இடம்பிடித்தனர். பிளாக்ராக், வான்கார்ட், ஸ்டேட் ஸ்ட்ரீட் ஆகிய பெரும் முதலீட்டு நிறுவனங்கள் அவர்களில் சிலரை ஆதரிக்காமல் அது நடந்திருக்காது. இருப்பினும், 2023இல் அதே எக்ஸான் ஏறத்தாழ 6,000 கோடி டாலருக்குப் பயனீர் என்ற எண்ணெய் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. 2024 பிப்ரவரியில் ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் முதலீட்டுப் பிரிவு 'கிளைமேட் ஆக்‌ஷன் 100+' என்ற, உமிழ்வைக் குறைக்க நிறுவனங்களை வலியுறுத்தும் முதலீட்டாளர் கூட்டணியிலிருந்து விலகியது. இயக்குநர் நாற்காலியைப் பிடிப்பதாலேயே நிறுவனம் திரும்பிவிடும் என்று நான் நம்புவதில்லை.

இந்தியாவில் இந்த வழி இன்னும் குறுகலானது. பங்குதாரர்கள் தாமாகவே ஒரு தீர்மானத்தைக் கூட்டத்தின் முன்வைக்க, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பத்தில் ஒரு பங்கு வாக்குரிமையைத் திரட்ட வேண்டும். நிலக்கரி எடுக்கும் கோல் இந்தியா, மின்சாரம் தயாரிக்கும் என்டிபிசி போன்றவற்றில் பெரும்பான்மைப் பங்கு அரசின் கையில் இருக்கும் நிலையில், பிற பங்குதாரர்கள் அனைவரும் சேர்ந்து எதிர்த்தாலும், பாதிக்கு மேற்பட்ட வாக்கே போதுமான சாதாரணத் தீர்மானம் தோற்காது. ஆகவே 'பருவநிலை' என்ற சொல் இங்கே வாக்குச்சீட்டில் அரிதாகவே தென்படும். பருவநிலை குறித்த அதிருப்தி இயக்குநரின் மறுநியமனத்திலோ ஊதியத் தீர்மானத்திலோதான் பதிவாக முடியும்.

உங்கள் ஃபண்டின் இணையதளத்தில் காலாண்டுதோறும் வெளியாகும் வாக்குப் பட்டியலைத் திறந்து, காரணம் எழுதும் பத்தியைப் படியுங்கள். அனல்மின் நிலையம் முதல் உருக்காலை வரை எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம் ஒட்டப்பட்டிருந்தால், ஒரு கடிதம் எழுதி, கடந்த ஆண்டில் எந்த நிறுவனத்துடன் உமிழ்வைப் பற்றிப் பேசினீர்கள், அது பதிலளிக்காதபோது எந்த இயக்குநருக்கு எதிராக வாக்களித்தீர்கள் என்று கேளுங்கள்.