பழைய கல் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் முன்

பழங்கட்டடங்களைச் சீரமைக்கும் பணியில் இருப்பதால், கடலோர ஊர்களின் ஜமாஅத்தார் அவ்வப்போது என்னை அழைத்துத் தங்கள் பள்ளிவாசலைக் காட்டுவதுண்டு. மழையில் தளம் ஒழுகுகிறது, வெள்ளிக்கிழமைகளில் இடம் போதவில்லை என்பன நியாயமான குறைகள்; அவற்றுக்கு வழி இருக்கிறது. ஆனால், கல்தூண்களும் தட்டையான கல் தளமும் கொண்ட பழைய பள்ளியைச் சுட்டி, "பார்த்தால் பள்ளிவாசல் மாதிரியே இல்லையே, இடித்துவிட்டுக் குவிமாடமும் மினாரா கோபுரமுமாகக் கட்டிவிடலாமா?" என்று இளைஞர்கள் கேட்கும்போதுதான் எனக்குக் கவலை பிறக்கிறது.

மஸ்ஜித் என்ற அரபுச் சொல்லுக்கு நெற்றி நிலத்தில் படப் பணியும் சஜ்தாவைச் செய்யும் இடம் என்பது பொருள். பூமி முழுவதும் தமக்குத் தொழுமிடமாகவும் தூய்மையானதாகவும் ஆக்கப்பட்டிருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் உண்டு. ஆகவே தொழுகைக்குக் கட்டடம் வேண்டும் என்ற கட்டாயமே இந்த மார்க்கத்தில் இல்லை. தூய்மையான தரை, மக்காவை நோக்கிய கிப்லாத் திசை, தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் ஸஃப் என்னும் வரிசை ஆகிய மூன்றுக்கும் இசைவாக அமைவதே கட்டடத்தின் வேலை. 622-இல் மதீனாவில் எழுந்த நபியவர்களின் பள்ளிக்குப் சுடாத பச்சைச் செங்கல் சுவரும், பேரீச்ச மரத் தூண்களும், ஓலைக் கூரையுமே இருந்தன. அப்போது அதில் குவிமாடமோ மினாராவோ கிடையாது. கிப்லாவைக் காட்டும் குழிந்த மிஹ்ராப் மாடம்கூட, கலீஃபா அல் வலீதின் காலத்தில், 707-க்கும் 709-க்கும் இடையே அப்பள்ளியை விரித்துக் கட்டியபோதுதான் சேர்ந்தது. தூண்கள் தாங்கும் தட்டைக் கூரை என்ற வகையில் பார்த்தால், இன்று கான்கிரீட்டில் வார்க்கும் குவிமாடங்களைவிட நம் கல் பள்ளிகளே அந்த முதல் பள்ளிக்கு நெருங்கிய சொந்தம்.

கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியையும் காயல்பட்டினத்தின் பழைய பள்ளிகளையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். சதுரமாகத் தொடங்கி எட்டுப் பட்டையாக மாறும் தூண், அதன் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை, மேலே கற்பலகைகள் பாவிய தளம் என எல்லாமே தமிழ்நாட்டுக் கோயில் மண்டபத்தின் கல்வேலை மரபுதான். உருவங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூவும் கொடியும் நிற்கின்றன. ஆனால் இதை வெறும் அலங்கார மாற்றமாக எண்ணிவிடக் கூடாது. கிழக்கு நோக்கிய கோயிலில் நுழைபவரும் மேற்கே பார்த்துத்தான் நடக்கிறார். அங்கே தூண் வரிசைகள் அவரை நீளவாக்கில், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு, கருவறைவரை அழைத்துச் செல்கின்றன. பள்ளியிலும் முகம் மேற்கு நோக்கித்தான் இருக்கிறது, ஆனால் போய்ச் சேர வேண்டிய அறை என்று ஒன்று இல்லை. முதல் ஸஃப்பில் நிற்பதன் சிறப்பை மக்கள் அறிந்தால் அதற்காகச் சீட்டுக் குலுக்குவார்கள் என்ற நபிமொழியை மனத்தில் கொண்டு பார்த்தால், தொழுகைக் கூடத்தை அகலவாக்கில் விரிப்பது ஏன் பொருத்தம் என்பது புரியும். அகலம் கூடக் கூட முதல் வரிசையில் நிற்பவர்கள் கூடுகிறார்கள். ஒரே தூண், ஒரே போதிகை. ஆனால் இங்கே அது நடப்பதற்கான மண்டபமாக இல்லாமல் நிற்பதற்கும் பணிவதற்குமான மண்டபமாகிவிட்டது. எதிரே உள்ள மிஹ்ராபில் வணங்கப்படும் பொருள் எதுவும் இல்லை. அந்த வெறுமையைத்தான் இந்தக் கட்டடம் முழுவதும் காத்து நிற்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதை உணராமல் செய்யும் 'புதுப்பித்தல்' இடிப்பதைவிடக் குறைந்த சேதம் என்று சொல்ல முடியவில்லை. சுண்ணாம்புச் சாந்தின் மேல் சிமெண்டைப் பூசி எனாமல் பெயிண்ட் அடித்தால், சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி நின்றுவிடுகிறது. கடற்கரை ஊர்களில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்வதால், சில ஆண்டுகளில் பூச்சு உப்பிக் கல்லின் மேற்தோலையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. ஏ.சி. போடுவதற்காகக் கூரைக்குக் கீழே பொய்த்தளம் அமைத்தால் போதிகைகள் மறைகின்றன, கூடத்தின் உயரம் குறைகிறது, வெளிச்சம் வரும் துளைகள் அடைபடுகின்றன. ஹவுள் என்னும் நீர்த்தொட்டியை மூடிவிட்டுக் குழாய் வரிசை வைப்பது சுகாதாரத்துக்கு நல்லது என்பதை மறுக்கவில்லை. ஆனால் படியில் அமர்ந்து நீரைக் கையில் அள்ளி முகம், கை, கால் கழுவி ஒளுச் செய்யும் அந்தச் சில நிமிடங்கள்தாம் கடைத்தெருவிலிருந்து தொழுகைக்குள் வரும் வாசல்; நீரைச் சுழற்றி வடிகட்டும் சிறு மோட்டார் ஒன்றை வைத்து ஹவுளைக் காப்பாற்றிய பணியும் என் அனுபவத்தில் உண்டு.

கிப்லா பற்றிய கேள்வியும் அடிக்கடி எழுகிறது. இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மக்காவின் திசை, நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 22, 23 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. நேர் மேற்காகக் கட்டிய பழைய பள்ளியை அந்தக் காரணத்துக்காகவே இடிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர்கள் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள், கட்டடக் கலைஞர்கள் அல்லர். திருத்தம் தேவை என்று அவர்கள் சொன்னால், சுவரைத் தொடாமல் தரையிலும் விரிப்பிலும் ஸஃப் கோடுகளைச் சாய்வாக வரைந்துகொள்ளலாம். மூலைகளில் சிறிது இடம் வீணாகும், அவ்வளவுதான்.

பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், தூண்கள் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கின்றன என்று ஜமாஅத்தார் கேட்டார்கள். ஒரு தூணின் அடியில் மட்டும் தரையைப் பெயர்த்துப் பார்க்க அனுமதி வாங்கினேன். பளிங்கு நிற டைல்ஸ், அதற்குக் கீழே மொசைக், அதற்கும் கீழே சிமெண்டுத் தளம் என மூன்று தலைமுறையின் தரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. எல்லாவற்றையும் எடுத்தபின், ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில், இதழ் விரிந்த கல் பீடம் தெரிந்தது. உடன் இருந்த முதியவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். "எங்க அப்பா இதுல சாஞ்சு உக்காந்துதான் ஓதுவாங்க, தம்பி. நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன்" என்றார். அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டதால் பெயர்த்த சில்லுகளைக் கூட்டி ஒதுக்கினோம். அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு பாயை விரித்து, அவரே முதலில் போய் நின்றார்.