ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டு கேட்டா ஏன் எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலை ஆடுது?

ரெகே பாடகர் பாப் மார்லியோட பாட்டு நாலஞ்சு போட்டுட்டு ட்ரம்ஸ மட்டும் கவனிச்சுப் பாருங்க. பல பாட்டுல நாலு எண்ணிக்கையில முதல் அடிய காலியா விட்டுட்டு, மூணாவதுலதான் பெரிய ட்ரம்மும் ஸ்னேரும் (சடசடன்னு சத்தம் வர்ற சின்ன ட்ரம்) சேர்ந்து தொம்முனு விழும். இதுக்கு 'ஒன் டிராப்'னு பேரு, மார்லியோட ட்ரம்மர் கார்ல்டன் பாரெட் இதுல கில்லாடி.

அந்த காலி இடம்தான் மேட்டரே. நம்ம மூளை தாளத்தை சும்மா கேட்டுட்டு இருக்காது, அடுத்த அடி எப்ப விழும்னு முன்னாடியே கணக்கு போட்டுக்கும், கை கால் அசைக்காம உக்காந்து கேட்டாகூட அசைவுக்கான மூளைப் பகுதிங்க வேலை செய்யுறது ஸ்கேன்ல தெரியுது. பிறந்து ரெண்டு மூணு நாளே ஆன குழந்தைங்களுக்கு தூங்குறப்ப தாளம் போட்டு, நடுநடுவுல முதல் அடிய மட்டும் உருவிட்டு பாத்திருக்காங்க (2009-ல வந்த ஆய்வு). அந்த பொடிசுங்க மூளை அலைகூட அங்க மாறுது!

ஆனா எல்லாம் அளவா இருக்கணும். நினைச்ச இடத்துலயே எல்லா அடியும் விழுந்தா போர், ரொம்ப குழப்புனா தாளமே விட்டுப்போகும், ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தாளத்துக்குதான் எழுந்து ஆடணும்னு தோணுதுன்னு 2014-ல ஒரு ஆய்வு சொல்லுச்சு. அரை இடம் தள்ளி எடுக்குற கீர்த்தனைக்கு தொடையில தாளம் போடுற மாமாக்களுக்கு இதெல்லாம் ஆய்வு பண்ணாமலே தெரியும்.

இப்ப இதையே ஒரு கூட்டமா சேர்ந்து பண்றப்ப என்ன ஆகுது? ஆக்ஸ்போர்டுல துடுப்பு போடுறவங்கள தனியாவும் குழுவாவும் பயிற்சி பண்ண விட்டு, கையில பிபி பட்டைய இறுக்கி வலி தாங்குற அளவ பாத்தாங்க. உழைப்பு அதேதான், ஆனா சேர்ந்து போட்டப்ப வலிய ரொம்ப நல்லா தாங்குனாங்க. எண்டார்ஃபின் (உடம்பே சுரக்குற வலி நிவாரணி) கூடுதுங்கிறதுக்கு இது மறைமுக அடையாளம், பக்கத்துல இருக்குறவங்க மேல ஒட்டுதல் வர்றதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு நினைக்கிறாங்க. அங்கயே இன்னொரு ஆய்வுல பாட்டு கிளாஸ் போனவங்க, கைவேலை, எழுத்து கிளாஸ் போனவங்கள விட சீக்கிரமா நெருக்கமானாங்க. ஏழு மாசம் கழிச்சு பாத்தா எல்லா கிளாஸும் ஒரே அளவு நெருக்கம்தான். அதாவது பாட்டு முதல் தயக்கத்த வேகமா உடைக்குது, அவ்ளோதான். இந்த 'அவ்ளோதான்'ங்கிறத யாரும் பெருசா பேசுறதில்ல.

1978 ஏப்ரல் 22, ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன் ஸ்டேடியத்துல மார்லி பாடுன கச்சேரி. ஜமைக்காவுல ரெண்டு கட்சி ஆளுங்களும் தெருவுல சுட்டுக்கிட்டு இருந்த காலம், மார்லியவே 1976-ல வீடு புகுந்து சுட்டிருந்தாங்க. அந்த மனுஷன் பாடிக்கிட்டே பிரதமர் மைக்கேல் மேன்லியையும் எதிர்க்கட்சி தலைவர் எட்வர்ட் சீகாவையும் மேடைக்கு இழுத்து, ரெண்டு பேர் கையையும் கோத்து தலைக்கு மேல தூக்கிப் புடிச்சாரு. கூட்டம் ஏற்கெனவே ஒரே தாளத்துல ஆடிட்டு இருந்துச்சு, அந்த சூட்டுல கைய உதறிட்டு போறது எந்த அரசியல்வாதிக்கும் கஷ்டம்னு நான் நினைக்கிறேன்.

ஆனா கச்சேரி முடிஞ்சு ஜனங்க திரும்பிப் போனது அதே பேட்டைகளுக்கு, அங்க வீடும் வேலையும் கட்சி வழியாதான் கிடைக்கும், துப்பாக்கியும் அப்படியே. 1980 தேர்தல் வருஷத்துல சுமார் 800 பேர் செத்தாங்க. அந்த தேர்தல்ல ஜெயிச்சு சீகா பிரதமர் ஆனாரு.