மன உளைச்சலும் வேலையிடப் பாதுகாப்பில் அடங்கும்: தொழிற்சாலைப் பெண்களுக்குச் சட்டம் தரும் உரிமைகள்

வேலையிடப் பாதுகாப்பு என்றதும், மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பெண்களுக்குக் காலணியும் கையுறையும் தீயணைப்புப் பயிற்சியுமே நினைவுக்கு வருகின்றன. இரவு ஷிப்டில் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதும், கழிப்பறைக்குப் போக லைன் லீடரிடம் அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வதும், திரும்பி வந்ததும் "எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்கப்படுவதும் "வேலை என்றால் அப்படித்தான்" என்று விழுங்கப்பட்டுவிடுகின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலைச் சூழல் தொழிலாளரின் உடலுக்கு மட்டுமன்றி மனத்தின் தேவைகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, வேலையிட ஆபத்துகளை மதிப்பிடுவது முதலாளியின் கட்டாயக் கடமையாகும். முதலாளியின் பொதுக் கடமைகளை மீறினால் விதிக்கப்படும் உச்ச அபராதமும் 50,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 5 இலட்சம் வெள்ளியாக உயர்ந்துள்ளது. அந்த மதிப்பீட்டில் இயந்திரமும் இரசாயனமும் மட்டும் இருந்து, எட்ட முடியாத இலக்கும் மிரட்டலும் ஓயாத ஓவர்டைமும் விடுபட்டுப் போனால், அது அரைகுறை மதிப்பீடு என்பதே என் கருத்து. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு, இவற்றைக் கேட்க வேண்டிய இடம் அதுதான். பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்தார் என்பதற்காக ஒருவரை வேலை நீக்கம் செய்வதையும் இச்சட்டம் தடுக்கிறது.

வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகவும், பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகவும் மாறின. மாத ஓவர்டைமுக்கு 104 மணி நேரம் என்ற வரம்பும் உண்டு. அதே திருத்தத்தில் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த பழைய தடை நீக்கப்பட்டது. சமத்துவத்துக்கு அது நல்லதே; ஆனால் நள்ளிரவில் பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டான சந்து வழியே வீட்டுக்கு நடக்கும் பெண்ணின் பயத்தையும் இனி நிர்வாகம் ஆபத்தாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

பாலியல் தொல்லைக்கு விதிகள் இன்னும் தெளிவானவை. அதுகுறித்த அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி முதலாளி ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் லாக்கர் அறைச் சுவரில் அது இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். புகாரை விசாரிக்க முதலாளி மறுத்தால், 30 நாளுக்குள் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த மறுப்பை நீங்கள் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோகலாம். 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச் 8 முதல் இயங்கிவருகிறது; அது 250,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்கலாம்.

எந்தப் புகாரையும் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். தேதி, நேரம், எந்த லைன், யார் பக்கத்தில் இருந்தார்கள், தொல்லை கொடுத்தவர் சொன்ன அதே வார்த்தைகள் ஆகியவற்றை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதுங்கள். புகாரின் ஒரு பிரதியில் அலுவலகம் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கி, அதை வீட்டில் வையுங்கள்; லாக்கரில் வைக்க வேண்டாம்.