விடிய விடியப் பாடும் தொண்டைக்கு

பங்குனி பிறந்துவிட்டால் வடாற்காட்டுக் கூத்துக்காரர்களுக்கு ஆடி முடியும்வரை வேலை இருக்கும். பாரதம் வைக்கும், அதாவது மகாபாரதக் கதைக்கு விழா எடுக்கும் ஊர்களில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை கூத்து, அதுவும் நாள் விடாமல். இந்தப் பருவத்தில் குரல் கம்மிப்போய் மருத்துவரிடம் வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னிக்கு ராத்திரி கூத்து இருக்கு, தொண்டை திறக்க ஒரு ஊசி போடுங்க." வீக்கத்தை அமுக்கும் ஸ்டீராய்டு ஊசி ஓரிரவு குரலைக் கொடுத்துவிடும். வீக்கம் எதனால் வந்ததோ அந்தக் காரணம் அப்படியே இருக்கும். அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடிபடும்.

அந்த அடி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கட்டை சுருதியில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஆண் குரலின் ஷட்ஜம், அதாவது "ஸ", நொடிக்கு 196 அதிர்வு, மேல் ஷட்ஜம் 392. அதாவது சுமார் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு குரல்நாண்களும் நொடிக்கு அத்தனை முறை மோதி விலகுகின்றன. ஒரு வேஷக்காரர் இரவு முழுக்கச் சேர்த்து இரண்டு மணி நேரம்தான் குரல் கொடுக்கிறார், சராசரி 250 என்று வைத்தாலும் 18 லட்சம் மோதல். கத்தினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும். இதைக் குறைக்கும் வழிகள்தான் மருந்தைவிட முக்கியம்.

மேலை நாடுகளில் ஓபெராப் பாடகர்களும் மியூசிக்கல் நாடகப் பாடகர்களும் இதே பாரத்தைத்தான் சுமக்கிறார்கள், ஆனால் வழி வேறு. ஓபெராவில் மைக் கிடையாது. குரல்வளையைத் தாழ்த்தி, தொண்டையை அகலமாக்கி, 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைக் குவிக்கிறார்கள். வாத்தியக் குழுவின் பலம் 500 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பதால், அந்தக் குவிந்த ஒலி அதைத் தாண்டிக் கேட்கும். மியூசிக்கலில் மைக் உண்டு. குரல்வளை சற்று உயர்ந்து, வாய் அகலத் திறந்து, பேச்சுக்கு நெருக்கமான கணீர்க் குரல். கூத்துக் குரல் இந்த இரண்டாவது வகைக்குத்தான் உறவு. எனவே இணையத்தில் ஓபெராப் பயிற்சியைப் பார்த்துக் கொட்டாவிபோலத் தொண்டையைத் திறந்து பாடிப் பழகுவது நம் வேஷக்காரருக்கு உதவாது. சொல் மழுங்கும், விருத்தத்தின் கூர்மை போய்விடும்.

கணீரென்று ஒலிக்க வேறு பயிற்சி இருக்கிறது. அடம்பிடிக்கும் குழந்தைபோல "ஞே, ஞே" என்று மெல்லிய குரலில் சொல்லிப் பாருங்கள். குரல்நாணுக்குச் சற்று மேலுள்ள பாதை குறுகி ஒலி கூர்மையாகும், மூச்சைக் கூடுதலாகத் தள்ளத் தேவையிருக்காது. அதே கூர்மையை "ஆ"வுக்கு மாற்ற வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு "ஆ" சொல்லும்போது ஒலி மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது என்று பொருள். அது வேறு விஷயம், அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அரிதாரம் பூச உட்காருவதற்கு முன் ஐந்து நிமிடம் ஸ்ட்ரா வைத்து ஒரு பயிற்சி. ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒன்று, பாதி தண்ணீர் உள்ள பாட்டில் ஒன்று. ஸ்ட்ராவின் நுனி 2 முதல் 3 சென்டிமீட்டர் மட்டும் தண்ணீருக்குள் இருக்கட்டும். "ஊ" என்று குரல் கொடுத்தபடி குமிழி விட வேண்டும். கீழ் சுரத்திலிருந்து மேலே வழுக்கி ஏறி, இறங்க வேண்டும். எதிரே வரும் காற்றழுத்தம் குரல்நாண்களைச் சற்று விலக்கிப் பிடிப்பதால் அவை மெதுவாக மோதும். குமிழி எங்கே விட்டு விட்டு வருகிறதோ, அந்தச் சுரத்தில் மூச்சைப் பிடித்து இறுக்குகிறீர்கள். ஸ்ட்ராவைப் பாட்டிலின் அடிவரை இறக்கி ஊதுவது பலரும் செய்யும் தவறு. எதிரழுத்தம் கூடி, தொண்டையை இறுக்கிக்கொண்டுதான் ஊத முடியும். விடிந்து கிரீடம் இறக்கிய பிறகும் மூன்று நிமிடம் இதே பயிற்சி, இந்த முறை மேலிருந்து கீழே மட்டும்.

மர அணிகலன்கள் பூணும் கட்டை வேஷத்துக்குப் புடவை சுற்றி இடுப்பை இறுக்கும்போது வயிற்றை உள்ளிழுத்து நிற்காதீர்கள். மூச்சை நன்றாக இழுத்து, அடி விலா விரிந்திருக்கும் நிலையில் கட்டச் சொல்லுங்கள். ஓபெராவில் கச்சை இறுக்கும் நடிகைகள் செய்வதும் இதுதான். மூச்சை வெளியே விட்ட நிலையில் கட்டிவிட்டால் இரவு முழுக்க மார்பின் மேல் மூச்சிலேயே பாடும்படி ஆகும். கழுத்து நரம்பு புடைப்பது அதனால்தான்.

அடுத்தது சவுண்டு சர்வீஸ். குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் தெருவைப் பார்த்து இருக்கும், ஆடுபவருக்குத் தன் குரலே கேட்காது. இரைச்சலில் மனிதன் தன்னறியாமல் குரலை உயர்த்துவான். இதை 1911-இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் பதிவு செய்தார். மத்தளமும் முகவீணையும் (நாதஸ்வரம் போல ஊதும் சிறு குழல்) காதருகே முழங்கும்போது சொல்லவே வேண்டாம். சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை மைக்கின் பின்பக்கமாக, ஆடுபவரை நோக்கி வைத்துவிட்டால் ஊளையும் வராது, கத்தலும் குறையும். விழாக்குழுவிடம் முன்பணம் வாங்கும்போதே பேசிவிட வேண்டிய விஷயம் இது.

சுருதியை அரைக் கட்டை இறக்கினால் மோதல்கள் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். முகவீணையின் சுருதி குழலோடு பிறந்தது என்பதால், அன்று மாலை ஆர்மோனியக்காரரிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. பருவம் தொடங்குமுன் முகவீணைக்காரரோடு முடிவு செய்ய வேண்டும்.

ஓபெராவில் பெரிய பாத்திரம் பாடுபவரை அடுத்தடுத்த இரவுகளில் பாடவிடுவது அரிது. நியூயார்க் மியூசிக்கலில் வாரத்துக்கு 8 காட்சி, ஆனால் மாற்று நடிகர் தயாராக நிற்பார். நம் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், மாற்றாள் இல்லாவிட்டாலும் வேஷத்தை மாற்றிக் கொடுக்கலாம். துச்சாதனன் கட்டியவருக்கு மறுநாள் சின்ன வேஷம் என்று வாத்தியார்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதில் கதையை நடத்திச் சென்று சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவருக்குப் பாட்டு குறைவு, ஆனால் தொடக்கம் முதல் விடியும்வரை பேச்சு. குரல் பாரம் கூடியவர்களில் அவரும் ஒருவர்.

அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு எதுவும் குரல்நாணைத் தொடாது. விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது. எச்சில் ஊறும், இதமாக இருக்கும், அவ்வளவுதான். தண்ணீரும் ரத்தம் வழியாகத்தான் போய்ச் சேரும், ஆகவே கத்திரி வெயிலில் பகலிலிருந்தே குடிக்க வேண்டும். வெறும் வெந்நீர் ஆவி நேரே சேரும், தைலம் வேண்டாம். இரண்டு டீயால் பெரிய கேடில்லை. டீயோடு பற்றவைக்கும் பீடிதான் கேடு. கூத்து முடிந்து வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறிக் குரல்நாணின் பின்பகுதியைப் புண்ணாக்கும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, முழுச் சாப்பாட்டைத் தூங்கி எழுந்து வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கிசுகிசுப்பதையும் ஓய்வு என்று எண்ண வேண்டாம், அழுத்திக் கிசுகிசுத்தால் தொண்டை இறுகத்தான் செய்யும்.

பாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் போனால், வலி இல்லாவிட்டாலும், குரல்நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நொடியே நிறுத்தி, பேச்சையும் விட்டு, மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அடவு போட்ட கால்வலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரை விழுங்குபவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். இதயத்துக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

குரல் கம்மல் மூன்று வாரம் நீடித்தால் ஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) போட வேண்டும். பீடி, புகையிலை உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஸ்ட்ரோப் விளக்கோடு பார்த்தால் குரல்நாண் அசைவது மெதுவாகத் தெரியும். இரண்டு பக்கமும் எதிரெதிரே சிறு காய்ப்பு என்றால் பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே கரையும். ஒரு பக்கம் மட்டும் கட்டி என்றால் அறுவை தேவைப்படலாம். அதற்குப் பின் சில நாள் மௌனம், பிறகு வாரக்கணக்கில் படிப்படியான பயிற்சி. அவசரம் இல்லாத கட்டி என்று மருத்துவர் சொன்னால் ஆடி முடிந்து தேதி வாங்கிக்கொள்ளலாம்.