நடுத்தர எஸ்யூவி வாங்கும் முன் யாரிடம், எதைக் கேட்பது?

போன வருடம் ஒரே வாரத்தில் இரண்டு வண்டிகள் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தன. ஒரே மாடல், ஒரே டீசல் எஞ்சின், இரண்டுக்கும் ஐந்து வயது. முதல் வண்டிக்காரர் கதவைத் திறந்து இறங்கும்போதே, "இந்த ஜென்மத்துல இனி இந்தக் கம்பெனி பக்கம் போக மாட்டேன் சார்" என்றார். இரண்டாமவர் ஆயில் மாற்ற வந்தவர். "இதுல புது மாடல் வருதாமே, அதையும் எடுத்துடலாம்னு இருக்கேன்" என்று சிரித்தார்.

முதல் வண்டியின் பானட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். மேல் குறிக்கு ஒரு விரற்கடை மேலே ஆயில் நின்றது. "நடுவுல ஆயில் ஏதாவது ஊத்தினீங்களா?" என்றேன். "இல்லையே" என்றார். விரலில் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. தினமும் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். வீட்டிலிருந்து ஆபீஸ் நாலு கிலோமீட்டர். போக நாலு, வர நாலு, அவ்வளவுதான். இரண்டாமவர் தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஹைவேயில் ஓட்டுகிறவர்.

விஷயம் இதுதான். இன்றைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்துகளை அது பிடித்து வைக்கும். நிரம்பியதும் அதை எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும், நிற்காமல் பதினைந்து இருபது நிமிட ஓட்டம் வேண்டும். அந்தச் சூட்டைக் கொண்டுவர, எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறது. நாலு கிலோமீட்டரில் நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் அந்த வேலை பாதியில் நிற்கிறது. அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து. கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங் வழியே கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் அளவு ஏறும், அதன் வழவழப்பு குறையும். அவர் வண்டியில் வடிகட்டி அடைத்து, பிக்கப் போய், விளக்கு எரிந்து, மூன்று முறை சர்வீசுக்கு அலைந்திருக்கிறார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்த வண்டி கெட்ட வண்டி இல்லை. அவருடைய ஓட்டத்துக்குப் பெட்ரோலோ ஹைப்ரிடோ எடுத்திருக்க வேண்டும். விற்கும்போது யாரும் "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று அவரைக் கேட்கவில்லை.

இந்த இரண்டு பேரும் தங்கள் அனுபவத்தை எழுதினால், ஒன்று ஒரு நட்சத்திரம், இன்னொன்று ஐந்து நட்சத்திரம். இரண்டும் உண்மை. படிக்கிறவருக்கு மட்டும் தலை சுற்றும்.

அதனால்தான், வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் "ஓனர் ரிவ்யூ எல்லாம் படிச்சேன் சார், ஒண்ணும் புரியல" என்று சொன்னால், எத்தனை ரிவ்யூ படித்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. எழுதியவர் எத்தனை மாதம் ஓட்டியபின் எழுதினார் என்று கேட்பேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுதுவது புதுமாப்பிள்ளை பேச்சு. கையில் இருந்த சேமிப்பையெல்லாம் போட்டவர், 'தப்பு பண்ணிட்டேன்' என்று அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டார். மறுபக்கம், வண்டி நடுவழியில் நின்ற அன்று இரவு எழுதுகிறவர் இருக்கிறார். எட்டு வருடம் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓட்டுகிறவர் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. அவருக்கு எழுத என்ன இருக்கிறது? இன்னொன்று, நிறைய விற்கிற வண்டிக்குப் புகாரும் எண்ணிக்கையில் நிறைய வரும். லட்சம் வண்டி விற்ற மாடலில் நூறு புகாரும், ஐயாயிரம் விற்ற மாடலில் முப்பது புகாரும் இருந்தால், நான் பயப்படுவது இரண்டாவதைப் பார்த்துத்தான்.

சரி, பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டுக் கணக்கு வெளியிடுகின்றனவே, அதை நம்பலாமா? நம்பலாம், எதை அளக்கிறார்கள் என்று தெரிந்தால். அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் ஒரு கணக்கெடுப்பு, வாங்கிய முதல் 90 நாளில் வரும் குறைகளை எண்ணுகிறது. இன்னொன்று மூன்று வயதான வண்டிகளைப் பற்றியது. இரண்டிலும் முடிவு 'நூறு வண்டிக்கு எத்தனை குறை' என்ற எண்தான். அந்த எண்ணில், போன் ப்ளூடூத்தோடு இணையவில்லை என்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை எஞ்சின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய கோளாறுகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது. அதனால் அது எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். ஜெர்மனியில் வண்டிகளைச் சோதிக்கும் டியூஃப் அமைப்பின் அறிக்கை, கட்டாயத் தகுதிச் சோதனையில் தேறாத வண்டிகளை வைத்துத் தயாராவது. பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன் பற்றி அது நன்றாகச் சொல்லும். கியர்பாக்ஸ் உள்ளே என்ன தேய்கிறது என்று அதற்குத் தெரியாது. அதே நாட்டின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, வழியில் நின்ற வண்டிகளைக் கணக்கெடுக்கிறது. அதில் வருடக்கணக்காக முதலிடம் வாங்குவது சாதாரண 12 வோல்ட் பேட்டரி! என்னைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

புகார்களைப் படிக்கும்போது நான் தேடுவது கோபத்தை அல்ல. ஒரே பாகம், ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர், ஒரே அறிகுறி. ஒருவரை ஒருவர் அறியாத இருபது பேர் இந்த மூன்றையும் ஒரே மாதிரி சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஹூண்டாய், கியாவின் தீட்டா 2 எஞ்சின் கதை அப்படித்தான் வெளிவந்தது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் செய்யும்போது உள்ளே தங்கிய உலோகத் துகள், பேரிங்குக்கு ஆயில் போகும் வழியை அடைத்துவிடும். வேகத்தோடு கூடும் ஒரு 'டக் டக்' சத்தம், அப்புறம் எஞ்சின் ஜாம். அமெரிக்காவில் 2015இல் சொனாட்டா காரில் தொடங்கிய ரீகால் (விற்ற வண்டியைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரி செய்வது), 2017இல் சான்டா ஃபே ஸ்போர்ட், சொரெண்டோ எஸ்யூவிகள் வரை வந்தது. ஹோண்டா சிஆர்-வியின் 1.5 லிட்டர் டர்போவில் குளிர்ப் பிரதேசத்துக் குறுகிய ஓட்டங்களில் பெட்ரோல் ஆயிலோடு கலந்தது. 2018இல் சீனாவில் சில காலம் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். பூஜோ 3008, சித்ரோயன் சி5 ஏர்கிராஸ் வண்டிகளில் வந்த 1.2 லிட்டர் ப்யூர்டெக் எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். அது நைந்து உதிர்ந்து ஆயில் சல்லடையை அடைத்தது. 2024இல் ஐரோப்பாவில் அந்தக் கோளாறுக்கான வாரண்டியைப் பத்து வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் என்று நீட்டித்தார்கள்.

இதையெல்லாம் சொன்னால் "அப்போ இந்தக் கம்பெனிகளே வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கோளாறு வராத கம்பெனி கிடையாது. வந்தபோது ஒத்துக்கொண்டார்களா, வாரண்டியை நீட்டித்தார்களா, அடுத்த வருட எஞ்சினில் திருத்தினார்களா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வருடம், குறிப்பிட்ட எஞ்சின் என்று தேடுங்கள். பிராண்ட் பெயரை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஒரே பெயரில் நாலு எஞ்சின், மூன்று கியர்பாக்ஸ் வரும். அதில் ஒன்று தங்கமாக இருக்கும், பக்கத்து ஒன்று தலைவலியாக இருக்கும். ஒரு மாடலின் புதிய தலைமுறை வந்த முதல் வருடத்து வண்டியை நான் என் பணத்தில் வாங்க மாட்டேன். ஒன்றிரண்டு வருடம் அடுத்தவர்கள் ஓட்டிப் பார்க்கட்டும்.

கியர்பாக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என்னிடம் வருகிறவர்களுக்குப் பெரிய பில் வைப்பது பெரும்பாலும் அதுதான். சேல்ஸ்மேன் "இதுல கியர் ஆயில் மாத்தவே வேண்டாம் சார், லைஃப்டைம்" என்பார். யாருடைய ஆயுள்? பல கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப் நிறுவனமே, தன் கியர்பாக்ஸுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவரே மாற்றச் சொல்லும்போது விற்றவர் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்? கியர் பற்களுக்குப் பதில் பெல்ட்டை வைத்து ஓடும் சிவிடி வகையில் ஆயில் இன்னும் முக்கியம். அதில் பெல்ட் வழுக்காமல் பிடிப்பதே அந்த ஆயிலின் தயவில்தான். வேறு ஏதோ ஒரு ஆயிலை ஊற்றினால் முடிந்தது. ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் இரண்டை வைத்துத் தானாகக் கியர் மாற்றும் டூயல் கிளட்ச் வண்டியோ, நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சூடேறி ஜெர்க் அடிக்க ஆரம்பிக்கும். தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்கிறவர், அப்படி நெரிசலில் ஓட்டிய ஓனரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். ஹைவே ஓனரின் பாராட்டு அவருக்குப் பயன்படாது.

அப்புறம், யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: கூரைக் கண்ணாடி. ஒரு அக்கா, வண்டிக்குள் ஒருவித நாற்றம், ஏசி சர்வீஸ் செய்தும் போகவில்லை என்று வந்தார். பின்சீட் காலடி மேட்டைத் தூக்கினேன். கார்ப்பெட்டில் கை வைத்து அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் பிதுங்கியது. பனோரமிக் சன்ரூஃபின் ஓரங்களில் மழைநீர் இறங்க மெல்லிய குழாய்கள் உண்டு. மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி, இலைச்சருகும் தூசியும் சேர்ந்து ஒன்று அடைத்திருந்தது. தண்ணீர் கூரையைத் தாங்கும் கம்பத்துக்குள் இறங்கிக் கார்ப்பெட்டின் கீழே தேங்கிவிட்டது. அங்கேதான் வயரிங்கும் இருக்கிறது. கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. குழாயைச் சுத்தம் செய்ய எனக்குப் பத்து நிமிடம். வயரிங்கைச் சரி செய்ய மூன்று நாள். ஷோரூமில் அந்தக் கண்ணாடிக் கூரையைப் பார்த்துத்தான் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாராம்.

டயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். டாப் மாடலில் வரும் 19, 20 அங்குல டயருக்கு விலையும் அதிகம், அவசரத்துக்குக் கிடைப்பதும் கஷ்டம். எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியானால், ஒரு டயர் மட்டும் புதிதாகப் போட்டு மற்ற மூன்றும் தேய்ந்திருந்தால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் நடுவில் உள்ள கப்ளிங் ஓயாமல் உழைத்துத் தேயும். முன்கண்ணாடியில் கேமரா இருந்தால், கண்ணாடி மாற்றியபின் அதை மறுபடி அளவீடு செய்ய வேண்டும். அதற்குத் தனிச் செலவு.

ஓனரிடம் பேசும்போது "வண்டி எப்படிங்க?" என்று கேட்டால் "சூப்பருங்க" என்றுதான் பதில் வரும். நான் சொல்லி அனுப்பும் கேள்விகள் வேறு. கடைசியாக எதற்காக ஒர்க்‌ஷாப் போனீர்கள்? சாமான் வர எத்தனை நாள் ஆனது? வாரண்டியில் கேட்டு இல்லை என்று சொன்னது ஏதாவது உண்டா? ஒரு தம்பி, தான் மனதில் முடிவு செய்திருந்த மாடலின் ஓனர் மூன்று பேரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தார். மூன்று பேருமே வண்டியைப் புகழ்ந்தார்கள். மூன்று பேருமே ஏதோ ஒரு சென்சாருக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அவருக்கு வண்டி தினமும் தொழிலுக்கு வேண்டும். மாடலை மாற்றிவிட்டார்.

பழைய வண்டி எடுப்பதானால் இரண்டு விஷயம் கட்டாயம். சேசிஸ் எண் என்பது எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் 17. அதை வைத்து ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று கம்பெனியிடமே கேட்டுவிடலாம். இரண்டாவது, ஸ்கேனர் போடும்போது 'எரர் எதுவும் இல்லை' என்றால் உடனே மகிழ வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டர் தன் மாசுக்கட்டுப்பாட்டுப் பாகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து 'முடிந்தது' என்று குறித்து வைக்கும். யாராவது எரரை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அந்தக் குறிப்பெல்லாம் 'முடியவில்லை' என்று மாறிவிடும், பழைய நிலைக்கு வரச் சில நாள் ஓட்டம் தேவை. எரரும் இல்லை, சோதனையும் முடியவில்லை என்றால், இன்று காலையில்தான் யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பேட்டரி புதிதாக மாற்றினோம் என்பார்கள், பில்லைக் கேளுங்கள்.

பழைய வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே எழுப்பி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். டைமிங் செயின் சத்தமும், ஆயில் எரியும் நீலப் புகையும் இரவெல்லாம் நின்ற எஞ்சினின் முதல் சில நொடிகளில்தான் நன்றாகத் தெரியும். "நாளைக்குக் காலையில வரேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.